எண்ணூர் ரோட்டில் மூவாயிரம் சைக்கிள்

1971 நவம்பரில், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணிவர லூர்துவை அலுவலகத்திலிருந்து அனுப்பினார்கள். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் வேலை. சாலை ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோடு போட்டால் ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும்.

லூர்துவுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தான். சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அலுவலகத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிக உதவியாளன். அவனும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன்தான். ஆகையால் அந்தச் சாலையை அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மணலியில் எண்ணெய் ஆலை வந்த பிறகு டேங்கர் லாரிகள் பெருகிவிட்டன. இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் தார் முழுவதும் அவற்றுக்கே சரியாக இருக்கும். தார் முடியும் இடத்தில் ஒரு சாண் பள்ளம், அதற்கப்புறம் மணல், மழை பெய்தால் சேறு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் அந்த விளிம்பில்தான் வரிசையாக மிதித்துக்கொண்டு போவார்கள். ஹார்ன் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் மணலில் இறங்கிவிட வேண்டும். இறங்கத் தாமதித்த நான்கு பேர் அந்த வருஷம் செத்துப்போயிருந்தார்கள்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று முதலில் மனு எழுதியது டோரதி. நகரசபையில் பிரசவம் பார்க்கிற நர்ஸ், திருவொற்றியூர்க்காரி, நாற்பத்தைந்து வயதுக்கு மேல், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேரியரில் ரப்பர் ஷீட்டும் கத்தரிக்கோலும் வைத்த பையைக் கட்டிக்கொண்டு காத்திவாக்கம் குப்பம் வரைக்கும் சைக்கிளில் போய்வருவாள். அவளுக்குத் துணையாக நின்றவன் வேலப்பன், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இருவரும் சேர்ந்து ஆலை வாசல்களில் நின்று ஆயிரத்து எண்ணூறு கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார்கள். தார்ச்சாலையை ஒட்டி ஆறடி அகலத்துக்கு ஒரு பாதை, சாலைக்கும் பாதைக்கும் நடுவில் கல் நட்டு. அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

அலுவலகத்திலிருந்து பதில் போயிற்று. சராசரியாக நாளொன்றுக்கு மூவாயிரம் சைக்கிளுக்கு மேல் போகிறது என்று தெரிந்தால் கோரிக்கை மேலிடத்துக்கு அனுப்பப்படும், இல்லையென்றால் இல்லை. அதற்காகத்தான் லூர்து வந்து முக்காலி போட்டது.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கே வேலப்பன் வந்துவிட்டான். கையில் டீ.

"குடி நைனா. கை ஓஞ்சி பூடும். நான் வோணும்னா கொஞ்ச நேரம் கோடு போட்றேன்."

"நீங்க போடக்கூடாது. நான்தான் போடணும். அப்புறம் கணக்கு செல்லாதுன்னுடுவாங்க."

"கரெக்டு. நீயே போடு. ஒண்ணு வுட்றாதே." பக்கத்தில் குந்திக்கொண்டு தன் சைக்கிளின் முன்னால் ஆணியடித்திருந்த நகரசபை வரி வில்லையைத் தட்டிக் காட்டினான். "வருசா வருசம் இதுக்குத் துட்டு கட்றோம். லாரிக்காரனும் கட்றான். அவனுக்கு ரோடு கீது. நமக்கு இன்னா கீது? சேறு கீது."

லூர்து சிரித்தான். சிரித்ததில் இரண்டு சைக்கிள் தப்பியிருக்குமோ என்று பயந்து, போனவர்களின் முதுகைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மதிய ஷிப்டும் முடிந்து சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது 3412. மறுநாள் 3365. இரண்டு நாளும் எண்ணிக்கையை வேலப்பனிடம் சொன்னான். சொல்லக்கூடாதுதான். வேலப்பன் வாய்விட்டுக் கத்திவிட்டு, டோரதியிடம் சொல்ல மிதித்துக்கொண்டு ஓடினான்.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தாளின் மேல் எண்ணெய்த்துணியைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டுக் கோடு போட்டான். நிறையப் பேர் பஸ்ஸில் போய்விட்டார்கள். மீதிப்பேர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு 2940. வேலப்பனுக்கு அன்று கூடுதல் ஷிப்ட் இருந்ததால் அவன் எண்ணிக்கை கேட்க வரவில்லை. வீட்டுக்குப் போய் லூர்து சராசரி போட்டுப் பார்த்தான். 3239. போதுமான எண்ணிக்கை.

வியாழக்கிழமை எஞ்சினியர் லட்சுமணனிடம் தாள்களைக் கொடுத்தான். லட்சுமணன் கெட்ட மனிதரில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"லூர்து, இது மூவாயிரத்துக்கு மேல போனா ஃபைல் மேல போகும். போனா கேள்வி வரும். ரோட்டை ஒட்டியிருக்கிற இடத்தை லாரி நிறுத்த விட்டுடலாம்னு போன மாசமே எழுதிக் கொடுத்தாச்சு. எழுதினது நான்தான்."

லட்சுமணன் தாள்களை அவன் பக்கம் நகர்த்தினார்.

"மழையில எண்ணியிருக்கே. போறவனையே திரும்பி வரும்போதும் எண்ணியிருப்பே. தப்பு வர்றது சகஜம். நிதானமா ஒரு தடவை பார்த்துட்டு, புதுசா ஒரே தாள்ல எழுதிக் கொண்டா. இதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடு." பிறகு மேஜையில் இருந்த இன்னொரு பட்டியலை எடுத்துப் பார்த்தார். "நிரந்தரம் பண்றவங்க லிஸ்ட். உன் பேரும் இருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் சொல்லவில்லை. அதைப் பின்னால் லூர்து எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். அவர் எந்த எண்ணையும் சொல்லவில்லை. எண்ணைத் தேடிக்கொண்டது அவன்தான். தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து முதலில் சராசரி 2400 என்று எழுதினான். முழு எண்ணாக இருந்தால் யாருக்காவது சந்தேகம் வரும் என்று தோன்றியது. அடித்துவிட்டு வேறு தாளில் 2386 என்று எழுதினான். அது உண்மையாக எண்ணியதைப்போல இருந்தது. அப்படித் தோன்றியபோது, ஒரு நிமிஷம், தன் சாமர்த்தியத்தில் அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

பழைய தாள்களை அவன் கிழிக்கவில்லை. ஏன் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடியில், மனைவி ஃப்ளோராவின் பட்டுப்புடவைக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளுக்குள் செருகி வைத்தான்.

நிரந்தர உத்தரவு வந்த அன்று ஃப்ளோரா கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். "எட்டு வருஷமாச்சுங்க. மாதா இப்பத்தான் கண்ணத் தொறந்தாங்க" என்று சொல்லி அவன் கையிலும் ஒரு தட்டை வைத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரமே மனு நிராகரிக்கப்பட்ட கடிதம் டோரதிக்குப் போயிற்று. வேலப்பன் அலுவலக வாசலில் வந்து காத்திருந்து லூர்துவைப் பிடித்தான்.

"இன்னா நைனா இது? ரெண்டு நாளும் மூவாயிரத்தத் தாண்டிச்சுன்னியே?"

"மூணாவது நாள் மழை. ரொம்பக் கொறஞ்சு போச்சு. சராசரி விழுந்துடுச்சு." இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்து, தினமும் வேலைக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான்.

வேலப்பன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தான். வேலப்பன் சுவரில் சாய்ந்து நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

"என் தப்பு நைனா. மழைன்னதும் எல்லாப் பசங்களும் பஸ் ஏறிட்டானுங்க. நான் முந்தின நாளே வூடு வூடா போய், மழ வந்தாலும் சைக்கிள எட்த்துகினு வாங்கடான்னு சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டேன். நீ இன்னா பண்ணுவே, உள்ளதத்தான எழ்துவே."

லூர்து அவன் தோளில் கை வைக்கப் போனான். வைக்காமல் கையை இழுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் காது கொடுத்துக் காத்திருந்தார். "பொய் சொன்னேன், சாமி" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி சொல்லிச் சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தார். கோயிலை விட்டு வெளியே வந்தபோது, அந்த மன்னிப்பையும் ஏமாற்றி வாங்கியதாகத்தான் அவனுக்குப் பட்டது.

பிப்ரவரி மாதம் ஒரு காலை ஆறரை மணி. காத்திவாக்கம் குப்பத்தில் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, டோரதி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னால் டேங்கர், எதிரே சரக்கு லாரி. ஹார்ன் கேட்டு அவள் விளிம்பிலிருந்து இறங்கினாள். முன்சக்கரம் அந்த ஒரு சாண் பள்ளத்தில் மாட்டி, சைக்கிள் சாலைப் பக்கமாகவே சாய்ந்தது. டேங்கரின் பின்சக்கரம் அவளுடைய இடது காலில் ஏறிப் போயிற்று. ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குப்பத்தில் பெண்களே சேர்ந்து பிரசவம் பார்த்தார்கள். தாயும் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள். டோரதியின் காலை டாக்டர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் அது மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது, இனி சைக்கிள் மிதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

லூர்துவுக்குச் செய்தி அலுவலகத்தில்தான் தெரிந்தது. யாரோ செய்தித்தாளில் மூன்று வரி படித்தார்கள். அவன் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். திரும்பத் திரும்பக் கழுவினான்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவனுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. அதற்குள் இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினான். மூன்றாவது தடவை கிளம்பியபோது ஃப்ளோரா கேட்டாள்: "சாயங்காலம் சாயங்காலம் எங்க போய்ட்டு வர்றீங்க? மூஞ்சியே சரியில்லையே?" அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டாள்.

வார்டில் டோரதி கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் குப்பத்துப் பெண்கள் கொண்டுவந்த காய்ந்த இறால் பொட்டலம் இருந்தது. அவனைப் பார்த்ததும், "வா தம்பி, சைக்கிள் எண்ண வந்த ஆள்தானே நீ?" என்றாள்.

நின்றுகொண்டே சொன்னான். 3412, 3365, 2940 என்று மூன்று எண்களையும் சொன்னான். பிறகு தான் எழுதிய எண்ணைச் சொன்னான். லட்சுமணன் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

டோரதி கத்தவில்லை.

"மழையிலயே ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரமா?"

"ஆமா சிஸ்டர்."

"அவ்வளவு பேர் நனைஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிப்புக் கேக்காதே. இப்ப எனக்குக் குடுக்க வரல. நீ முதல்ல வேலப்பன்கிட்ட போ. தினம் இங்க வந்து உக்காந்து, மழையன்னிக்கு ஆளுங்களைக் கூட்டிவராம விட்டேனே, உங்க காலை நானே உடைச்சேனேன்னு அழறான். அவன் அழறதைத்தான் எனக்குத் தாங்க முடியல. அவன்கிட்ட சொல்லு. அப்புறம் உன் ஆபீஸ்ல எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்தா வேலை போயிடும் சிஸ்டர்."

"போகும்" என்றாள் டோரதி.

மறுநாள் இரண்டு மணி ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு லூர்து வேலப்பனின் தொழிற்சாலை வாசலுக்குப் போய் நின்றான். சங்கு ஊதியது. கதவு திறந்து நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வெளியே வந்தன. வேலப்பன் அவனைப் பார்த்ததும் ஓரமாக வந்து இறங்கினான்.

"இன்னா நைனா, இங்க? சிஸ்டருக்கு எதுனா ஆய்டுச்சா?"

"இல்ல. மழை நாள்ல கொறைச்சல்தான். ஆனா சராசரி விழல. மூவாயிரத்து இருநூத்துக்கு மேல இருந்தது. நான்தான் மாத்தி எழுதினேன். என் வேலை நிரந்தரமாவறதுக்காக."

வேலப்பனுக்கு முதலில் புரியவில்லை. லூர்து இன்னொரு தடவை சொன்னான். அவன் அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. வேலப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, போகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ராசையாவ கன்னத்துல அறஞ்சேன்யா" என்றான் கடைசியில். "மழையன்னிக்கு நீ ஏன்டா பஸ் ஏறுனேன்னு, இதே கேட்டாண்ட, அத்தினி பேரு எதிர்ல. ஒண்ணா வேல கத்துக்கினவன். மூணு மாசமா அவங்கூட பேச்சு கிடையாது." லூர்துவின் முழங்கையைப் பிடித்தான். பிடி வலித்தது. "வா. அவங்கிட்டயும் சொல்லு. உன் வாயால சொல்லு."

ராசையா எதிர்க்கடையில் பீடி வாங்கிக்கொண்டிருந்தான். மெலிந்த, நரைத்த ஆள். லூர்து மூன்றாவது தடவையாக அதையே சொன்னான். ராசையா அவனை அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. வேலப்பனைத்தான் பார்த்தான்.

"அன்னிக்கு எனக்கு ஜொரம்டா. சொன்னேனே. நீ நம்பல" என்றான்.

வேலப்பன் போய் ராசையாவின் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டான். அவர்கள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்றாக நடந்து போனார்கள். லூர்துவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர், "உனக்கு இன்னா வோணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றான்.

அன்று மாலையே டிரங்குப் பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்தான். ஃப்ளோரா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு வாக்குமூலம் எழுதினான். தான் எண்ணியது இவ்வளவு, எழுதிக் கொடுத்தது இவ்வளவு, அசல் தாள்கள் இத்துடன் இருக்கின்றன. லட்சுமணன் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று தயங்கினான். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினான், அவர் எந்த எண்ணையும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து. மறுநாள் அதைக் கோட்ட அதிகாரியிடம் கொடுத்தான்.

லட்சுமணன் அவனை வராந்தாவில் பார்த்து நின்றார். "என்னையும் இழுத்துட்டே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தையும் லூர்துவின் மனதில் தங்கிவிட்டது.

விசாரணை நடந்தது. லட்சுமணனை வெளியூருக்கு மாற்றினார்கள். லூர்துவை நான்கு மாதம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, நிரந்தரத்தை ரத்து செய்து, பழையபடி தற்காலிகமாகப் பொன்னேரிப் பக்கம் அனுப்பினார்கள். ஃப்ளோரா ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள். கேசரி வாங்கிச் சாப்பிட்டவர்கள் விசாரித்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை.

ஜூலையில் வேறு இரண்டு பேரை வைத்துப் புதிதாக எண்ணினார்கள். மூவாயிரத்து அறுநூறுக்கு மேல் வந்தது. கோரிக்கை மேலே போயிற்று. மேலே போய் ஒரு வருஷம் கிடந்தது. டோரதி தடியை ஊன்றிக்கொண்டு எத்தனை தடவை அதன் பின்னால் அலைந்தாள் என்பதற்கு அளவில்லை. 1973 கடைசியில் ஒன்றரை மைல் தூரத்துக்கு மட்டும் பாதை போட்டார்கள். ஆறடி கேட்டதற்கு ஐந்தடி. நடுவில் வெள்ளையடித்த கற்கள். மீதித் தூரம் பழையபடியே கிடந்தது.

பாதையில் முதன்முதலாகச் சைக்கிள்கள் ஓடிய அன்று லூர்து விடுப்பு எடுத்துக்கொண்டு போய், கூட்டத்துக்கு அப்பால் நின்று பார்த்தான். டோரதி ரிக்‌ஷாவில் வந்திருந்தாள். இறங்காமல் உட்கார்ந்தபடியே, கற்களுக்கு இந்தப் பக்கம் வரிசையாகப் போகிறவர்களைப் பார்த்தாள். சிலர் அவளைப் பார்த்து மணி அடித்தார்கள். அவள் சிரித்தாள். பிறகு லூர்துவைப் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதே, லூர்து."

"நினைக்கல சிஸ்டர்."

"கால் ராத்திரியெல்லாம் குத்துது. சில நாள் உன் மேல ரொம்பக் கோவம் வருது. சில நாள் வர்றதில்ல. அது எப்படின்னு எனக்கே தெரியல." தடியை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். "எண்ணூர் வரைக்கும் மீதி ரோடு கிடக்கு. அதுக்கு மனு குடுக்கணும். அளந்து, படம் போட்டுக் குடுத்தாத்தான் பாப்பாங்களாம். உனக்கு அளக்கத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை வா. வேலப்பன் வருவான். அவன் உன்கூடப் பேசுவான்னு நான் சொல்லமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் லூர்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனான். வேலப்பன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். வணக்கம் இல்லை, டீ இல்லை. நாடாவின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு நடந்தான். அது முழு நீளத்துக்கு விரிந்ததும் நின்று சுண்ணாம்பால் தரையில் குறி போட்டான். லூர்து நோட்டில் எழுதினான். கடல்காற்றில் நாடா படபடத்தது. இப்படியே வெயில் ஏறுகிற வரைக்கும் அளந்துகொண்டு போனார்கள். அகலம் எவ்வளவு, பள்ளம் எங்கே, தந்திக்கம்பம் எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

காத்திவாக்கத்தை நெருங்கும்போது லூர்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். பின்னால் டேங்கர் வருகிற சத்தம் அவன் காதில் விழவில்லை. வேலப்பன் நாடாவைச் சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தான்.

"ஓரமா வா சார். லாரி வர்து."

லூர்து மணலில் இறங்கினான். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கியதும் வேலப்பன் மறுபடியும் நாடாவை இறுக்கிப் பிடித்தான். இருவரும் அடுத்த குறி வரைக்கும் நடந்தார்கள்.